சோலையும் புல்வெளியும்: நீலகிரி மேட்டில் எல்லை வகுப்பது எது?

நீலகிரியின் மேல்பரப்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே, நிலம் அலையலையாக எழுந்து தாழ்கிறது. எழுந்த தோள்களிலும் முகடுகளிலும் புல். தாழ்ந்த மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில், சோலைக்காடு. சோலைகளில் சில ஏக்கர் கணக்கில் அடங்கும் சிறு துண்டுகள். சில முழுப் பள்ளத்தாக்கையே நிரப்புபவை. இரண்டின் கீழும் ஒரே சார்னோக்கைட் பாறை. இரண்டின் மீதும் ஒரே மழை. ஆனாலும் மரங்கள் மெல்ல மெல்லக் குறைந்து புல்லாக மாறும் இடைப்பகுதி பெரும்பாலும் காணப்படுவதில்லை. இருண்ட காடு முடிந்து சில மீட்டர் தொலைவுக்குள் திறந்தவெளி தொடங்கிவிடுகிறது.

நிலத்தின் வடிவம்தான் இந்த எல்லையை வகுக்கிறது என்பது கண்ணுக்கு உடனே தோன்றும் விடை. அது தவறும் அல்ல. ஆனால் சரிவோ மடிப்போ ஒரு நாற்றை நேரடியாக வளர்ப்பதுமில்லை, கொல்வதுமில்லை. குளிர், நீர், காற்று, வெயில், தீ ஆகியவற்றை நிலவடிவம் இடத்துக்கு இடம் வேறுவேறு அளவில் பங்கிடுகிறது. இவற்றுள் தீர்மானிப்பது எது என்பதில்தான் ஏறத்தாழ நூறாண்டுகளாகக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சரிவும் ஈரமும் குளிரும் படிப்படியாக மாறுபவை. தாவரமோ சட்டென்று மாறுகிறது. படிப்படியான காரணத்திலிருந்து இத்தனை கூர்மையான விளைவு எப்படி வருகிறது என்பதையும் விளக்கினால்தான் ஒரு விடை முழுமையாகும். முன்வைக்கப்பட்ட விடைகளில் பல இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

1938: ஓர் ஆண்டு, இரண்டு விடைகள்

ஆங்கிலேயர் உதகையில் குடியேறத் தொடங்கிய 1820களிலேயே இந்தப் புல்–காடு அமைப்பு அவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. மழை மிகுந்த வெப்பமண்டல மலையில் இயல்பாக இருக்க வேண்டியது காடே என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. எனவே புல்வெளி என்பது அழிந்த காட்டின் எச்சம், நிரப்பப்பட வேண்டிய வெற்றிடம் என்ற பார்வை எளிதில் வேரூன்றியது. அதை ஆதாரத்தோடு சோதிக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

1938இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன், புல்வெளி தட்பவெப்பத்தால் இயல்பாக நிலைபெற்றது என்றார். குளிர்காலத்து உறைபனி, திறந்தவெளியில் சோலை மரக்கன்றுகளை வாழவிடுவதில்லை. ஆகவே இங்கே சோலை, புல்வெளி இரண்டுமே உச்சநிலைத் தாவரங்கள் என்பது அவர் வாதம். தாவரச் சமூகங்கள் ஒரு தட்பவெப்பத்தில் ஒரே உச்சநிலையை நோக்கித்தான் நகரும் என்று நம்பப்பட்ட காலம் அது. அந்தச் சூழலில் ஒரே மலைக்கு இரண்டு உச்சநிலைகள் என்று சொன்னது துணிச்சலான கருத்து.

புல்லியல் அறிஞரான என்.எல். போர் இதை ஏற்கவில்லை. புல்வெளியைத் தாங்கி நிற்பது மனிதர் இட்ட தீயும் கால்நடை மேய்ச்சலும். அவற்றை அகற்றினால் சோலை மெல்லப் பரவும் என்பது அவர் நிலைப்பாடு. தோடர்களின் எருமை மேய்ச்சலும், கோடையில் காய்ந்த புல்லை எரித்துப் புதுத்தளிர் எழச் செய்யும் வழக்கமும் இந்த வாதத்துக்குப் பின்புலம்.

போரின் விளக்கத்துக்கு ஒரு வலு உண்டு. தீ நிலவடிவத்தைப் பின்பற்றுவது. சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும். காய்ந்த முகட்டில் நன்றாகப் பரவும். ஈரமான மடிப்பின் வாயிலில் தயங்கி அணையும். சோலைக்குள் தரை ஈரமாக இருக்கும். எரியக்கூடிய புல்லும் அங்கே இல்லை. எனவே மடிப்பில் காடும் தோளில் புல்லும் என்ற ஒழுங்கு, தீயினாலும் உருவாகக்கூடியதே. எல்லையின் கூர்மையையும் தீ நன்றாக விளக்குகிறது.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. தீயை மனிதர் செயலாக மட்டுமே கொண்டால், மனிதர் வருவதற்கு முன் இங்கே புல்வெளி இருந்திருக்கக் கூடாது. அந்தக் காலத்துச் சான்று எதுவும் 1938இல் கையில் இல்லை. அது பிறகு சதுப்புகளிலிருந்து வந்தது.

உறைபனி வாதமும் அதன் முரணும்

உறைபனி வாதத்தை அடுத்த தலைமுறையில் விரிவாக்கியவர், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வி.எம். மெஹர்–ஹோம்ஜி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்த இரவுகளில் புல்வெளி தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. ஆள் உயரத்தில் காற்றின் வெப்பம் சுழியத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே, புல்நுனியை ஒட்டிய அடுக்கு உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஒரு மரக்கன்று தன் முதல் சில ஆண்டுகளைக் கழிப்பது அந்த அடுக்கில்தான். வெப்பமண்டல வம்சத்தைச் சேர்ந்த சோலை இனங்கள் இதைத் தாங்கா. குளிர்மண்டல உறவுடையவை தாங்கும் என்று மெஹர்–ஹோம்ஜி வாதிட்டார். இதற்குச் சான்று புல்வெளியிலேயே நிற்கிறது. இமயமலையின் ரோடோடெண்ட்ரானுக்கு நெருங்கிய உறவான காட்டுப்பூவரசு, திறந்த புல்சரிவில் தனிமரமாகச் செழித்துச் சிவப்பாகப் பூக்கிறது. சோலை மரங்களில் பெரும்பாலானவை அப்படி வெளியே வந்து நிற்பதில்லை.

நெடுங்காலம் கவனிப்பாகவும் அனுமானமாகவும் மட்டுமே இருந்த இந்த வாதம், 2020இல் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் வெளியிட்ட கள ஆய்வின்மூலம் சோதனை வலுவைப் பெற்றது. புல்வெளியில் சோலை மரங்களின் நாற்றுகள் நிலைகொள்வதை உறைபனி கடுமையாகத் தடுக்கிறது என்றும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் நாற்றுகள் அதே பனியைத் தாங்குகின்றன என்றும் அவர்கள் காட்டினர்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. நிலவடிவத்தைப் பற்றிய விவாதத்தில் இதைவிடச் சுவையான இடம் வேறில்லை என்பதால் சற்று நின்று பார்க்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அப்படியானால் உறைபனி மிகக் கடுமையாக இருக்க வேண்டியது பள்ளங்களில், முகட்டில் அல்ல. உறைபனிதான் மரத்தை விரட்டுகிறது என்றால் பள்ளத்தில் புல்லும் முகட்டில் காடும் அல்லவா இருக்க வேண்டும்?

விடையின் ஒரு பகுதி, ‘பள்ளம்’ என்று பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. அகன்ற, தட்டையான பள்ளத்தாக்கின் அடியில், குளிர்காற்று உண்மையாகவே தேங்கும் இடத்தில், பெரும்பாலும் இருப்பது சோலை அல்ல, சதுப்பும் புல்லும்தான். சோலை அமைவது சரிவின் இடுக்கில், ஓடைத் தலைப்பில், இருபுறமும் நிலம் அணைத்து நிற்கும் ஒடுங்கிய மடிப்பில். அங்கே காற்று தேங்காமல் கீழே வழிந்துபோக வழி உண்டு. வானத்தின் பரப்பும் குறுகியதாகவே தெரிவதால் இரவில் இழக்கும் வெப்பமும் குறைவு. இன்னொரு பகுதி, காட்டின் கையிலேயே இருக்கிறது. ஒருமுறை விதானம் மூடிவிட்டால் தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்புவதை அது தடுத்துவிடும். சோலைக்குள் முளைக்கும் கன்றுக்கு உறைபனி தெரியாது. ஆக, உறைபனி வாதம் சொல்வது ‘குளிரான இடத்தில் மரம் வளராது’ என்பதை அன்று. ‘திறந்த இடத்தில் மரம் தொடங்காது’ என்பதைத்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்பட்ட மறுப்புகள் பல, இலக்கைத் தவறவிட்டவை.

ஆனாலும் முதல் சோலை எப்படித் தொடங்கியது என்ற கேள்வி எஞ்சுகிறது. விதானம் விதானத்தைக் காக்கும். விதானமே இல்லாத இடத்தில் அதை உண்டாக்கியது எது?

மண்ணும் நீரும்

சரிவில் மண் மெலிந்தது, மடிப்பில் மண் ஆழமானது. அதனால்தான் இந்தப் பிரிவு என்ற விளக்கம் பழமையானது, எளிமையானது. இன்று அதைத் தனிக்காரணமாக ஏற்பது கடினம். புல்லின் கீழும் ஆழமான, கரிமம் செறிந்த மண் பரவலாக இருப்பதை மண்ணியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதைவிட வலிய சான்றைத் தோட்ட மரங்கள் தந்துவிட்டன. புல்வெளியில் நடப்பட்ட சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஓங்கி வளர்ந்தன. மரத்தைத் தாங்காத மண் என்றால் அது நடந்திருக்காது. மேலும், பழனி மலையிலும் நீலகிரியிலும் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து எழுகின்றன. அதே சரிவு, அதே மண். மாறியது மேலே ஒரு கூரை வந்ததும், போட்டியிட்ட புல் மறைந்ததும் மட்டுமே. திட்டமிடாமல் நடந்துவிட்ட இந்தச் சோதனை, மண் வாதத்தைப் பெரிதும் தளர்த்துகிறது. உறைபனியையும் தீயையும் வேறுபடுத்த மட்டும் இது உதவுவதில்லை. தோப்பின் நிழல் இரண்டையுமே தடுக்கிறது.

நீரின் பங்கைத் தள்ளிவிட முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை அருகிய மாதங்களில், மடிப்புகளில் மட்டுமே ஈரம் தங்குகிறது. நீலகிரி ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் தென்வானில் சுமார் 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேராக வாங்கி விரைவில் காய்கிறது. வடக்கு நோக்கிய சரிவு ஈரத்தைக் காத்துக்கொள்கிறது. குந்தா மலைத்தொடரின் மேற்கு விளிம்பு தென்மேற்குப் பருவமழையை முழு வீச்சில் வாங்க, அதன் மழைநிழலில் இருக்கும் உதகைக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அளவுதான். ஆனால் மழை கொட்டும் அந்த மேற்கு விளிம்பிலும், முக்கூர்த்திப் பகுதியில், விரிந்து கிடப்பது புல்வெளியே. நீர்ப் பற்றாக்குறை மட்டும் காரணம் என்றால் இது பொருந்தாது. பருவக்காற்றின் விசை அங்கே முகடுகளில் மரத்தைத் தடுத்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். அதை உறைபனியைச் சோதித்த அளவுக்கு எவரும் தனித்துச் சோதித்ததாகத் தெரியவில்லை.

சதுப்பு காட்டும் காலம்

பள்ளத்தாக்குச் சதுப்புகளில் ஆண்டுதோறும் மட்கிப் படிந்த கரிமண், அந்தந்தக் காலத்துத் தாவரத்தின் தடயத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. விஷ்ணு மித்ரே போன்றோரும், பிரெஞ்சு நிறுவனத்தின் பிளாஸ்கோ, தணிகைமணி ஆகியோரும் 1970களில் அதிலுள்ள மகரந்தத்தை ஆராய்ந்தனர். 1993இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலானோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் கையாண்டது. வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் சி4 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறையைப் பின்பற்றுபவை. மரங்கள் சி3 முறையைப் பின்பற்றுபவை. இரண்டும் கரிமத்தின் கன ஐசோடோப்பை வெவ்வேறு விகிதத்தில் உள்வாங்குவதால், மட்கிய பிறகும் அவற்றின் கையெழுத்து மறைவதில்லை.

அந்தப் பதிவின்படி, கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் சி4 புற்கள் இங்கே ஓங்கியிருந்தன. பனியூழி முடிந்து பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் மேலோங்கின. ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட காலத்தில் மீண்டும் புல் பெருகியது. நீலகிரி மேட்டில் மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்துள்ள தொல்லியல் தடயங்கள் பனியூழிக் காலம் வரை செல்பவை அல்ல. ஆகவே மேய்ச்சல்காரர்கள் காட்டை எரித்துப் புல்வெளியை உண்டாக்கினார்கள் என்ற வடிவில் போரின் வாதம் இன்று நிற்காது.

அதே நேரத்தில் இந்தச் சான்றை அதன் எல்லைக்குள் வைத்துப் படிப்பது நல்லது. சி3 கையெழுத்து என்றாலே காடு என்று பொருளல்ல. உயர்ந்த மலைகளில் சி3 புற்களும் கோரைகளும் உண்டு. பனியூழியில் காற்றில் கரியமிலவாயு குறைவாக இருந்ததும் சி4 புற்களுக்குச் சாதகமே. எல்லாவற்றுக்கும் மேலாக, சதுப்பு பதிவு செய்வது பெரும்பாலும் தன்னையும் தன் சுற்றுப்புறத்தையும்தான். மேலேயுள்ள முகட்டில் என்ன நின்றது என்பதை அது மங்கலாகவே சொல்லும். பின்னர் கானேரும் உடன் ஆய்வாளர்களும் சரிவுகளின் மண்ணையும் சேர்த்து ஆராய்ந்தபோது, பனியூழிக்குப் பிந்தைய தாவர மாற்றம் நீலகிரி முழுவதும் ஒரே சீராக நடக்கவில்லை என்பது தெரிந்தது. ஒரே தட்பவெப்ப மாற்றத்துக்கு வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு விதமாக ஈடுகொடுத்திருக்கின்றன. நிலவடிவம் கதைக்குள் மீண்டும் நுழைவது இந்த வழியாகத்தான். புல்வெளி பழமையானது என்பதைச் சதுப்பு நிறுவுகிறது. இன்றைய எல்லை ஏன் இந்த மடிப்பின் விளிம்பில், இந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு அது விடையளிப்பதில்லை.

ஒரே நிலம், இரண்டு நிலைபேறுகள்

கூர்மையான எல்லைக்குப் பொருத்தமான கருத்துச் சட்டகம் அண்மைக் காலத்தில்தான் வலுப்பெற்றது. 2011இல் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நிலங்களை முன்வைத்து வெளிவந்த ஆய்வுகள், ஒரே மழையளவில் காடும் சவன்னாவும் தனித்தனியாக நிலைத்திருக்க முடியும் என்றும், இடைப்பட்ட நிலை அரிதே என்றும் வாதிட்டன. ஒவ்வொரு நிலையும் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. புல் இருந்தால் தீ வரும். தீ வந்தால் மரக்கன்று மடியும். மரம் இல்லாததால் புல் தொடரும். காடு இருந்தால் நிழல் விழும். நிழலில் புல் வராது. புல் இல்லாததால் தீ நுழையாது. நீலகிரியில் இந்தச் சுழலுக்குள் உறைபனியும் சேர்கிறது. ஜோஷி குழுவினரும் இந்தச் சட்டகத்தில்தான் தங்கள் முடிவுகளை வைத்தார்கள்.

ரங்கநாதன் 1938இல் சொன்ன இரண்டு உச்சநிலைகள் என்பது இதற்கு வெகு அருகில் வருகிறது. நிலவடிவத்தின் பங்கு இதில் தெளிவாகிறது: எந்த இடம் எந்தச் சுழலுக்குள் முதலில் விழும் என்பதை அது சாய்க்கிறது, விழுந்த பிறகு அங்கேயே நிறுத்தி வைப்பது தாவரம்தான். படிப்படியான சரிவில் சட்டென்ற எல்லை ஏற்படுவதற்கு இதுவரை கிடைத்துள்ள விளக்கங்களில் இதுவே சிறந்தது என்று கருதலாம். குறை என்னவென்றால், இந்தச் சட்டகம் மிகத் தாராளமானது. எல்லை நகர்ந்தாலும் பொருந்தும், நகராவிட்டாலும் பொருந்தும். இரண்டு நிலைபேறுகள் உண்மையிலேயே உள்ளன என்று நிறுவ, ஒரே இடத்தை ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தள்ளி, அது திரும்பாமல் நிற்கிறதா என்று பல்லாண்டுகள் பார்க்க வேண்டும்.

வடிவத்தை அளந்தபோது

இந்த விவாதம் பெரும்பாலும் ஒரு மலையில் நின்று பேசப்பட்டது. 2015இல் அருந்ததி தாஸ், ஹரிணி நாகேந்திரா முதலானோர் மேற்குத்தொடர்ச்சி மலையின் நடு, தென் பகுதிகளிலுள்ள பல சோலை–புல்வெளி நிலங்களை ஒன்றாக எடுத்து, நிலவடிவமும் தட்பவெப்பமும் தாவரத்தை எந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்கின்றன என்று கணித்தனர். ஏறத்தாழ 70 விழுக்காடு சரியாக வந்தது. முதலிடம் உயரத்துக்கு, 2,000 மீட்டருக்கு மேல் புல்லே ஓங்குகிறது. அடுத்து வந்த முக்கியக் காரணிகளுள் ஒன்று, 300 மீட்டர் சுற்றுவட்டத்துக்குள் ஓர் இடம் அண்டை நிலத்தைவிட உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்பது. உயர்ந்த மலைகளில் வடக்கு நோக்கிய சரிவும் குழிந்த பரப்பும் காட்டுக்குச் சாதகமாக இருந்தன.

இந்த எண்ணை இரு விதமாகவும் படிக்கலாம். காடா புல்லா என்ற இரண்டே விடைகள் உள்ள கேள்வியில் 70 விழுக்காடு என்பது பெரிய வெற்றி அல்ல. இன்னொரு பக்கம், தீயின் வரலாறு, மேய்ச்சல், மண் ஆகிய எதையும் சேர்க்காமலே இவ்வளவு தூரம் வர முடிந்தது நிலவடிவத்தின் பங்கை உறுதிசெய்கிறது. அந்த ஆய்வின் மிக முக்கியமான முடிவு வேறு என்று தோன்றுகிறது: ஒரே தோற்றம் வெவ்வேறு மலைகளில் வெவ்வேறு காரணங்களால் உண்டாகியிருக்கலாம். குதுரேமுக் போன்ற தாழ்ந்த மலைகளில் நீலகிரியின் உறைபனி இல்லை. ஆனாலும் அங்கே மடிப்பில் சோலை, தோளில் புல் என்ற அதே அமைப்பு உண்டு. நீலகிரியில் நிறுவப்பட்ட உறைபனி விளக்கத்தை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது. இலங்கை மலையகத்தின் பத்தனைப் புல்வெளிகளைப் பற்றியும் 1899இல் பியர்சனின் கட்டுரை தொடங்கி இதேபோன்ற விவாதம் நடந்துவருகிறது. ஹோர்ட்டன் சமவெளியின் ஈரப் பத்தனையையும் தாழ்ந்த சரிவுகளின் வறண்ட பத்தனையையும் ஒரே காரணத்தில் அடக்க முயன்றபோதெல்லாம் சிக்கல்தான் மிஞ்சியது.

இன்னும் தீராதவை

இந்தக் கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் தாளில் மட்டும் நின்றுவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புல்வெளி வெற்றிடம் என்ற நம்பிக்கையில் 19ஆம் நூற்றாண்டிலேயே சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டுக்கான கூழுக்காகவும் இந்த நடவு பெருமளவில் தொடர்ந்தது. பழனி மலையில் 40 ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதை, 2018இல் அரசுமணி, ராபின் முதலானோர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டினர். வரையாடும் குறிஞ்சியும், நீலகிரியில் தோடர்களின் எருமைகளும் சார்ந்திருந்தது இத்தகைய புல்வெளியைத்தான். தவறான விடை ஒன்றுக்கு இதைவிடப் பெரிய விலை இந்த மலைகளில் கொடுக்கப்பட்டதில்லை.

கிடைத்துள்ள சான்றுகளை எடைபோட்டால், 2,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள நீலகிரிப் புல்வெளி மிகப் பழமையானது என்பதையும், திறந்தவெளியில் சோலைக் கன்றுகளுக்கு உறைபனி பெருந்தடை என்பதையும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். உறைபனியும் தீயும் தனித்தனியாக எவ்வளவு பங்களிக்கின்றன என்பது பிரித்தறியப்படவில்லை. தீயை முழுமையாக விலக்கி, உறைபனியை மட்டும் இருக்கவிட்டு, பல சரிவுத் திசைகளில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த நிலப்பகுதிகள் இருந்தால்தான் அது கைகூடும். உறைபனி எட்டாத 1,500 மீட்டரை ஒட்டிய புல்வெளிகளுக்கு ஏற்கத்தக்க விளக்கம் இன்னும் உருவாகவில்லை. காற்று, ஆழமற்ற மண், தீ ஆகிய மூன்றும் அங்கே போட்டியில் இருக்கின்றன.

காலம் நெருக்குவது இன்னொரு கேள்வியில். குளிர்கால இரவுகள் வெப்பமடைந்தால் நீலகிரியின் இந்தச் சமநிலை குலையலாம் என்று 2020 ஆய்வு எச்சரிக்கிறது. அப்போது முதலில் புல்வெளிக்குள் இறங்குவது சோலையாக இருக்குமா, ஏற்கெனவே பனியைத் தாங்கி விளிம்பில் காத்திருக்கும் சீகையாக இருக்குமா என்பது, மேற்கே குந்தாவின் நனைந்த முகடுகளிலும் கிழக்கே உதகையின் உலர்ந்த தோள்களிலும் ஒரே மாதிரி அமைய வேண்டும் என்பதில்லை. இப்போது சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணிகள் தொடங்கியுள்ள இடங்களில், எந்தச் சரிவில் புல் தானே திரும்புகிறது, எந்தச் சரிவில் திரும்ப மறுக்கிறது என்று இடவாரியாகக் குறித்து வந்தால், பழைய கேள்விக்கும் புதிய கேள்விக்கும் சேர்த்தே தரவு கிடைக்கும்.